என் பிரஷரை ஏத்தாதே

என் தங்கச்சி நர்சிங் படிக்கப் போன முதல் நாள், அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று வணக்கம் சொன்னதாம். டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் பாடம் நடத்தும் மேடம் இவளைவிடச் சின்னவர். வாய் தவறி இவளை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அதற்கு முன்னால் அவள் பஸ் கண்டக்டர். நர்சிங் கல்லூரி வாசலில் நின்று போகும் பஸ். அதில் ஏறும் பெண்கள் எலும்புகளின் பெயரை ஒப்பித்துக்கொண்டே வருவார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டே இவளும் பாதியை மனப்பாடம் செய்துவிட்டாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, நானும் படிக்கப் போறேன்" என்றாள்.

"இந்த வயசுலயா?"

"இன்னும் வயசானப்புறம் படிச்சா நல்லாருக்குமா?"

அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். கோபக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இன்று துணி கொடுத்துவிட்டு நாளைக்கே வந்து நிற்பவர்களிடமும், அளவு ஜாக்கெட் கேட்டால் "உங்களுக்குத் தெரியாததா" என்று சிரிப்பவர்களிடமும் நான் நாள் முழுக்கச் சொல்வது ஒன்றுதான்: "என் பிரஷரை ஏத்தாதீங்க!" என் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்த மரியாதையும் கிடையாது.

முதல் வருடம் முடியும் சமயம். இனி ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி. வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைச் சீருடையை நான்தான் தைத்தேன். "பாக்கெட் பெருசா வை" என்றாள். வைத்தேன். "இன்னும் பெருசா" என்றாள். "ஏன்டி, சில்லறை போடப் போறியா?" என்று கேட்டதும்தான் அடங்கினாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். சத்தம் போடாத ஷூ வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். பூனை மாதிரி பின்னால் வந்து நின்று என்னைத் தூக்கிவாரிப்போட வைப்பாள். படுக்கை விரிக்கப் பழகுகிறேன் என்று எங்கள் கட்டிலில் விரிப்பை நான்கு மூலையும் மடித்துச் செருகிவிடுவாள். அவள் மாமா, அதாவது என் வீட்டுக்காரர், ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டுக் களைத்து வந்தால் போர்வைக்குள் காலை நுழைக்க முடியாமல் தவிப்பார்.

இதெல்லாம் விளையாட்டு. விஷயம் வேறு. வார்டுக்குப் போகுமுன் மேடம் முன்னால் ரத்த அழுத்தம் பார்த்துக் காட்ட வேண்டும். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடைத்து, பிறகு மெதுவாகக் காற்றை விட வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் 'டப் டப்' என்று சத்தம் எங்கே தொடங்குகிறதோ அது மேல் எண், எங்கே அடங்குகிறதோ அது கீழ் எண். ஒரே குழாயில் இரண்டு பேர் கேட்கும்படி ஒரு ஸ்டெதஸ்கோப் இருக்கிறதாம். இவள் கேட்பதையே மேடமும் கேட்பார். இரண்டு பேர் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

முதல் தடவை இவள் பதற்றத்தில் காற்றை மொத்தமாக விட்டுவிட்டாள். எண் எங்கேயோ போய்விட்டது. "இன்னொரு தடவை தருவேன். அதுலயும் தப்பினா அடுத்த வருஷப் பெண்களோடதான் வார்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டார் மேடம். ஏற்கெனவே வகுப்புக்குப் பெரியவள் இவள். இன்னும் ஒரு வருடம் பின்னால் போனால் படிப்பையே விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

கல்லூரியில் கேட்டுக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமாவிடம் கையைக் கேட்டாள். ஆள்தான் மலை மாதிரி. பட்டையைப் பார்த்ததும், "கையை இறுக்கினா எனக்கு மயக்கம் வரும்மா" என்று வேனைத் துடைக்கப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்தான்.

"எவ்ளோடி?"

"நூத்தி எழுபதுக்கு மேல காட்டுது."

"எனக்கா? சரியாப் பாரு. கல்லு மாதிரி இருக்கேன்."

மெஷினை மிதித்துவிட்டு நான் உடனே உட்கார்ந்ததால் ஏறியிருக்கும் என்றாள். ஓய்வெடுத்து உட்கார்ந்தேன். பேசினால் ஏறும் என்றாள். வாயை மூடிக்கொண்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் புரியாது. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான். காலையில் எழுந்தால் எனக்குப் பின்தலை கனக்கும். ஊசியில் நூல் கோத்துக் கோத்து வந்தது என்று நான் பாட்டுக்கு இருந்தேன். என் உடம்பில் குறை இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அவள் பார்ப்பதில்தான் தப்பு என்று நானும் சொன்னேன், அவளும் நம்பினாள்.

அப்போது பார்த்து என் வீட்டுக்காரர் ஒரு ஜோக் அடித்தார். "இத்தன வருஷம் இன்ஜின் சத்தத்துலயும் விசில் சத்தத்துலயும் இருந்தவ. காதே போயிருக்கும்!"

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்குப் போனேன். அலாரக் கடிகாரத்தை ஒரு காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறு காதில். என்னைப் பார்த்ததும் கடிகாரத்தை அலமாரியில் வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா" என்றாள். வெளியே போய் வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்தேன்.

பரீட்சை நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துப் பிரித்தேன்.

சாயங்காலம் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னாச்சு? பாஸா?"

"பாஸ்தான்."

மேடம் ஒரு ஆளோடு விடவில்லையாம். வாட்ச்மேன், ஆபீஸ் கிளார்க், கடைசியில் மேடமே கையை நீட்டினாராம். மூன்றும் அப்படியே ஒத்துப்போனது. வாட்ச்மேன் கையிலிருந்து பட்டையைக் கழற்றியதும் பழக்கதோஷத்தில் இவள், "ரைட், போலாம்!" என்று கத்திவிட்டாளாம். மேடம் காதிலிருந்து குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிரித்தாராம். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் வேன் ஹாரனை அடித்துத் தெருவையே கூட்டினார்.

அவள் மட்டும் பையிலிருந்து கருவியை எடுத்தாள்.

"இன்னும் எதுக்குடி? அதான் பாஸாயிட்டியே."

"உக்காருக்கா. காலைக் கீழ வை. பேசாத."

பட்டையைச் சுற்றினாள். காற்றடைத்தாள். மெல்ல மெல்லக் காற்றை விட்டாள். காற்று இறங்கி முடிந்ததும் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதே நம்பர்தான்க்கா."

"அது ஒண்ணுமில்லடி, நீதான் சரியா..."

"அக்கா, என் காது நல்லாருக்கு."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அத்தனை நாளும் அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். பயமாக இருந்தது, மறைக்கவில்லை. அதைவிட, இவள் தன் காது போய்விட்டதென்று இத்தனை நாள் உள்ளுக்குள் அழுததற்குக் காரணம் என் பிரஷர்தானே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. "நாள் பூரா சொல்லிச் சொல்லியே ஏத்திக்கிட்டியே" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு தடவை அவரை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் இரண்டு பெரிய பாக்கெட் வைத்த வெள்ளைச் சீருடையில் அவள் தயாராகி நின்றாள். வார்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் போனாள். என் முறை வந்தது. டாக்டர் அறை வாசலிலேயே நின்றுகொண்டேன். நாளைக்கு வரலாமா, இந்த வாரத் துணியெல்லாம் கொடுத்துவிட்டு வரலாமா என்று இழுத்தேன்.

பின்னாலிருந்து கண்டக்டர் குரல் இடி மாதிரி இறங்கியது. "உள்ள போங்க, உள்ள போங்க! வழியில நிக்காதீங்க!"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திடுக்கிட்டு எழுந்து ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

"ஏன்டி, வார்டுலயும் இப்படித்தான் கத்தப் போறியா?"

"அங்க நோயாளிங்க இருப்பாங்க, மெதுவாப் பேசுவேன். நீ என் அக்கா. உன்னை விட்டுட்டு என்னால வண்டிய எடுக்க முடியாது. ஏறு."

நான் உள்ளே போனேன்.