வெளுத்த கயிறு

எனக்கு எட்டு வயதான அந்தக் கோடை விடுமுறையில், எங்கள் வீட்டில் முடிச்சுக்குத் தப்பிய பொருள் ஒன்றும் இல்லை. கூரியர் கிடங்கில் பொட்டலம் தூக்கிக்கொண்டிருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, மரம் வெட்டும் குழு ஒன்றில் சேர முடிவு செய்திருந்தார். மே மாத மழையில் முறிந்து தொங்கும் கிளைகளைக் கயிற்றில் ஏறி அறுத்து இறக்கும் வேலை அது. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, ஒரு துண்டுக் கயிற்றை ஜன்னல் கம்பியிலும் கட்டில் காலிலும் கட்டுவார், அவிழ்ப்பார், உட்காராமல் நடப்பார், மறுபடி கட்டுவார். ஜீவனஹள்ளியின் அந்த ஒன்றரை அறை வீட்டில் தடுக்கி விழாமல் சமையலறைக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு.

அவருடைய பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. இது அவருக்கு மூன்றாவது வேலை. சனிக்கிழமை அந்தக் குழுவின் மேஸ்திரி வைக்கும் சோதனையில் தேறாவிட்டால் ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

மாலைகளில், காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலய வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு என்னையும் அழைத்துப் போவார். உச்சிக் கிளையிலிருந்து மாமா கையசைப்பார் என்று தெருப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். அவரோ மேஸ்திரி தந்த நைலான் கயிற்றைக் கிளைமேல் போட்டு, முடிச்சிட்டு, இடுப்புப் பட்டையை அதில் மாட்டி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்குவார். முடிச்சு எடையைத் தாங்குகிறதா என்று உடலைக் குலுக்கிப் பார்ப்பார். இறங்கி மறுபடி கட்டுவார். ஒருவழியாக மேலே போனாலும், கயிற்றின் மறுமுனையை அடுத்த கிளையில் மாட்டாமல் முதல் முடிச்சை அவிழ்க்கமாட்டார். எனக்கு இருப்புக் கொள்ளாது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"என்ன மச்சான், இன்னிக்காவது காலு தரைய வுட்டுச்சா?" என்பார் அப்பா.

"ஒரு மொழம் வுட்டுச்சு மாமா."

நானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. தேவாலயத்தின் பீட விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது அம்மாவின் பொறுப்பு. நாலு பேர் பார்வைக்குப் போகிற எதுவும் வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மரப்பால் படிந்து பழுத்துப்போயிருந்த அந்தக் கயிறு சோதனைக்குப் போக, சட்டம் சும்மா இருக்குமா?

சோதனைக்கு முந்தின நாள் மரத்தைத் தொடக்கூடாதென்பது மேஸ்திரியின் உத்தரவு. வெள்ளியன்று மாமா கிடங்குக்கும் அப்பா வேலைக்கும் அம்மா முழுநாள் ஜெபக்கூட்டத்துக்கும் போயிருந்தார்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் விரிப்புகளை அரை மணி நேரம்தான் அம்மா ஊறவைப்பார். கயிறு துணியைவிடத் தடிமன் அல்லவா. நான் மூன்று மணி நேரம் ஊறவிட்டேன். அலசி, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, மாமா சுற்றுவதைப் போலவே சுற்றிப் பையில் வைத்தேன். பீடத்திலேயே வைக்கலாம், அப்படி இருந்தது.

சனிக்கிழமை மரத்தடியில் மேஸ்திரியோடு குழுவினர் நாலு பேர் நின்றார்கள். நான் மதில் ஓரத்துப் பெஞ்சில் கால்களை ஆட்டியபடி, பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஏறுவதற்கு முன் கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்களால் தடவிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். மாமா பையைத் திறந்தார், தடவினார், நின்றார். கயிற்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"யாக்கப்பா, ஏன் நின்னுட்ட? பயமா?" என்றார் மேஸ்திரி.

"கயிறு சரியில்ல மேஸ்திரி."

மேஸ்திரி வாங்கி முகர்ந்தார், மடக்கிப் பார்த்தார். "ப்ளீச்சிங்ல போட்டியா?"

மாமா என்னைப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நான் கால் ஆட்டுவதை நிறுத்தினேன்.

"நான்தான் போட்டேன். அழுக்கா இருந்துச்சேன்னு."

"இது வெளிய ஒண்ணும் காட்டாது. உள்ள செத்துக் கெடக்கும். நீ நடு மரத்துக்குப் போனப்புறம்தான் அறுந்து சொல்லும்." மேஸ்திரி குரலை உயர்த்தவே இல்லை. "கயித்தப் பாத்துக்கத் தெரியாதவன எப்டி மேல ஏத்துறது? பேடப்பா, வேணாம். ஊட்டுக்குப் போ."

பிறகு அந்தக் கயிற்றில் இனி யாரும் ஏறிவிடாதபடி, கத்தியை எடுத்து அதைக் கை நீளத் துண்டுகளாக அறுத்துப் போட்டார். அவ்வளவு வெண்மையான ஒன்றைச் செத்தது என்று சொல்லும் மனிதரை நான் பொருட்படுத்தவில்லை. என் ஆத்திரமெல்லாம் மாமாவின் மேல்தான். என் உழைப்பை, அத்தனை பேர் முன்னால், தன் பெயரில் போட்டுக்கொண்டுவிட்டார்.

திரும்பும் வழியில் மாமா என் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"எரியுதா பாப்பா?"

"இல்ல. நீ ஏன் நீதான் தொவச்சேன்னு பொய் சொன்ன?"

என் விரல்களை மடக்கிவிட்டுச் சொன்னார்: "பேராசதான்."

குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, மேஸ்திரி வேண்டாமென்று சொல்லிவிட்டதை மாமா சொன்னார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்தது நான், மூன்று மணி நேரம் ஊறவைத்தது நான், அத்தனையும் தான் செய்ததாக மாமா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார் என்று ஒன்று விடாமல் முறையிட்டேன்.

அப்பாவின் கை ரசச் சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்தார், வலித்தது. யாரும் மாமாவைக் கண்டிக்கவில்லை. மாறாக, அப்பா தன் தட்டிலிருந்த வறுத்த மீனை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

"சாப்புடு மச்சான். ஊருக்குல்லாம் எதுக்குப் போற. வேற மேஸ்திரியே இல்லியா இந்த ஊர்ல?"

பொய் சொன்னவருக்கு மீன், உழைத்தவளுக்கு ரசம். அந்த அநியாயத்தை எப்படித் தட்டிக்கேட்பது என்று யோசித்தபடி நிமிர்ந்தேன். மூவரும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது போலும் என்று நினைத்து, இரண்டு கன்னங்களையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.