வெள்ளரிப்பிஞ்சு அளவில் ஒரு டார்ச்

லியோனார்டை எங்கே நிறுத்தினாலும் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பான். ராயபுரம் ஸ்டேஷனைக் கடக்கும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள், மாதா கோயில் கோபுரத்தில் உட்காரும் புறாக்கள், கல்யாணப் பந்தியில் விழுந்த இலைகள், எதுவும் அவன் கணக்குக்குத் தப்பாது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் கணக்கில் மட்டும் தொண்ணூற்றொன்று வாங்கினான். கட்டுமரம் ஏறிப் பிழைத்த குடும்பத்தில் அந்தப் பரீட்சையைத் தொட்டவனே அவன்தான். அவனுக்கு நான்கு வயது மூத்தவள் ரோஸ்மேரி. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். கோயில் பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது அவள் வேலை. தம்பியின் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, மூலை மடங்காமல் பதினொரு வருஷம் காத்தவளும் அவள்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம், இருபத்திரண்டு வயதில், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் லியோனார்டை டாலி கிளார்க்காக எடுத்தார்கள். கப்பலின் சரக்கறைக்குள் இறங்கி நின்று, வலையில் ஏறும் ஒவ்வொரு பெட்டியையும் மூட்டையையும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணியே சம்பளம் வாங்கலாம் என்று கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சும்மா எண்ணுறதுக்கா குடுக்குறாங்க?" என்று அக்காவிடம் மூன்று தடவை கேட்டான்.

ஆனால் எண்ணுவதற்குக் கண் வேண்டும், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். வெளியே மண்டை பிளக்கும் வெயில் அடித்தாலும் சரக்கறையின் ஓரங்களில் கும்மிருட்டு. பெட்டியில் என்ன குறி போட்டிருக்கிறது என்று பார்க்க டார்ச் இல்லாமல் முடியாது. லியோனார்ட் அப்பாவின் டார்ச்சைக் கொண்டுபோனான், மூணு பேட்டரிக் கட்டை போடுவது. கடலுக்குப் போய்வந்த டார்ச். முழங்கை நீளம் இருக்கும். இடது கையில் கணக்குத்தாள் செருகிய அட்டை, வலது கையில் பென்சில். டார்ச்சை எங்கே வைப்பது? அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, வலை பாதி நிறைந்திருந்த நேரத்தில், எழுதுவதற்காகக் கையைத் தூக்கினான். அக்குளில் இருந்த டார்ச் நிமிர்ந்தது. வெளிச்சம் நேரே மேலே போய், மேல்தளத்தில் வலையைத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர் முகத்தில் இரண்டு முறை அடித்தது. தூக்கச் சொல்லிக் கீழேயிருந்து யாரோ சைகை காட்டுவதாக அவர் நினைத்துக்கொண்டார். பாதி வலை ஆகாயத்துக்குக் கிளம்பியது. ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். இரண்டு பெட்டி சரிந்து விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை.

போர்மேன் சுப்புராஜ் ஏணி வழியாக இறங்கிவந்தார். இருபது வருஷமாகச் சரக்கறையிலேயே இருந்து கத்திக் கத்திக் குரல் கரகரத்துப்போன மனிதர்.

"இன்னா நைனா, எண்ண வந்தியா, வாண வேடிக்க காட்ட வந்தியா?"

"கை பத்தல சார்."

"பத்தலன்னா மூணாவது கை ஒண்ணு மொளைக்க வெச்சிகினு வா. இல்லாங்காட்டி கைக்குள்ள அடங்குற லைட்டா எட்துகினு வா. திங்கக்கெயம காலைல எட்டு மணி, இதே கப்பல். கணக்குல ஒண்ணு தப்பினாலும் எண்ற வேல உனக்கு இல்ல. ஷெட்டுல உக்காந்து கியிஞ்ச சாக்கு தெச்சிகினு இரு."

அன்று சாயங்காலம் லியோனார்ட் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான். தெருவில் போன மாட்டு வண்டியைக்கூட எண்ணவில்லை. அதைப் பார்த்துத்தான் ரோஸ்மேரிக்கு விஷயம் பெரிது என்று தெரிந்தது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, அவள் சமையல் கட்டுக்குள் போய் ஒரு முறத்தில் சாமான்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். துணி சோப்பு, பூரிக்கட்டை, கோயில் மெழுகுவத்தித் துண்டு, கத்தரிக்காய், வெள்ளரிப்பிஞ்சு.

"ஒரு கைல அட்டையப் புடி. அதே கைல இத்தையும் புடி. கட்ட வெரல மட்டும் ஆட்டு."

"அக்கா, கத்திரிக்கால சுவிட்ச் எங்க கீது?"

"கீதுன்னு நெனச்சிக்கடா."

சோப்பு வழுக்கியது. பூரிக்கட்டை அட்டையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மெழுகுவத்தி விரலுக்குள் தங்காமல் சுழன்றது. கத்தரிக்காயைப் பிடித்தால் கட்டை விரல் மறுபக்கம் எட்டவில்லை. வெள்ளரிப்பிஞ்சு பருமனில் கச்சிதமாகப் பொருந்தியது, நீளம்தான் அதிகம். ரோஸ்மேரி கத்தியை எடுத்து நுனியில் ஒரு விரற்கடை நறுக்கினாள். பிடித்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் நறுக்கினாள். நறுக்கியதையெல்லாம் லியோனார்ட் தின்றுகொண்டே வந்தான். ஐந்தாவது வெட்டில் பிஞ்சு அட்டைக்குக் கீழே பதுங்கிக்கொண்டது. அவன் கட்டை விரல் விழுந்த இடத்தில் ஊதா எழுத்து விழும் காப்பியிங் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அதற்குள் அவனுக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. தம்பியின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பிஞ்சை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்மண்டபத்தில் மஜீது பாய் கடைக்குப் போனாள் ரோஸ்மேரி. பூட்டு, டார்ச், ஸ்டவ் திரி, கப்பலில் வந்த சில்லறைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். அவள் துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னா தங்கச்சி, டார்ச் வாங்க வந்தியா, பச்சடி போட வந்தியா?" என்றார் மஜீது பாய்.

"இந்த சைசு வேணும் பாய். இந்தப் புள்ளி எங்க கீதோ அங்க சுவிட்ச் இருக்கணும். வெளிச்சம் மூணு கட்டைக்கு ரொம்பக் கொறையக் கூடாது."

"பன்னண்டு வருசமா கட நடத்துறேன். ஜனங்க கலர் கேட்டுகிறாங்க, கேரண்டி கேட்டுகிறாங்க. காய எட்துகினு வந்து அளவு காட்டுனது நீதாம்மா."

சொன்னாரே தவிர, அவருக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. அலமாரியைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு டார்ச்சையும் வெள்ளரிப்பிஞ்சுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்த்தார். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று கறுப்பு; கப்பலில் வந்தது; கழுத்தைத் திருகினால் எரியும். இன்னொன்று வெள்ளைத் தகடு போட்ட குட்டை டார்ச். சின்னக் கட்டை இரண்டு போடவேண்டும். சுவிட்ச் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது.

எது அதிகப் பிரகாசம்? பகல் பதினொரு மணி வெயிலில் இரண்டுமே எரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. மஜீது பாய் ஒரு சாக்கை எடுத்து மூன்று பேர் தலைமேலும் போர்த்தினார். அது மிளகாய் வந்த சாக்கு. மூன்று பேரும் மாறி மாறித் தும்மிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"இருட்டுக்கு எங்க போவேன் நானு?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எனக்குத் தெரியும்" என்றாள் ரோஸ்மேரி. "ரெண்டு லைட்டயும் எட்துகினு போறோம், சைக்கிள் இங்கியே இருக்கட்டும். அரை மணில வந்துடுறோம்."

அவள் நினைத்த இடம் கோயில். கோயிலுக்குள்ளும் கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தெற்குச் சுவர் ஓரம் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது. சாமியார் உள்ளே உட்கார்ந்து, பாவம் சொல்ல வருகிறவர்களிடம் பலகணி வழியாகக் காது கொடுக்கும் மரக்கூண்டு. சாமியார் அதில் உட்காருவது சாயங்காலம் நாலு மணிக்குத்தான். ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டு, பீடத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தம்பியை உள்ளே தள்ளினாள்.

"சாமி உக்கார்ற எடத்துல உக்காராத. நின்னுகினே பாரு." பொடி எழுத்தில் எழுதிய காகிதம் ஒன்றை உள்சுவரில் செருகினாள். "ரெண்டு லைட்லயும் படிச்சிட்டு எது தெளிவுன்னு சொல்லு." பீடத் துணி எடுக்கப் பின்னறைக்குப் போனாள்.

லியோனார்ட் குட்டை டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கறுப்பு டார்ச்சின் கழுத்தைத் திருகினான். அடேயப்பா என்று இருந்தது வெளிச்சம். காகிதத்தின் நார்கூடத் தெரிந்தது. அதற்குள் கூண்டின் கதவு தானாகத் திறந்துகொள்ளப் பார்த்தது. தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சமயம் எதிர்வீட்டு சிலுவையம்மாள், மீன் விற்று முடித்த கையோடு, காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பலகணியில் வெளிச்சம் தெரிந்ததும், சாமியார் இன்றைக்குச் சீக்கிரமே உட்கார்ந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, வேகமாக வந்து முழங்கால் போட்டாள்.

"சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்க. மொதல்ல அந்த லைட்ட அமத்துங்க சாமி, கண்ணு கூசுது."

லியோனார்டுக்கு உயிர் போய்த் திரும்பியது. கதவை விட்டால் கூண்டு திறந்துகொள்ளும். விடாவிட்டால் ஒற்றைக் கையால் டார்ச்சின் கழுத்தைத் திருக முடியாது. பல்லால் கடித்துத் திருகப் பார்த்தான். வெளிச்சம் கூண்டின் கூரைக்குப் போய், கதவு இடுக்கு வழியாக அந்தோணியார் சிலைக்குப் போய், சிலுவையம்மாளின் முகத்துக்கே திரும்பி வந்தது.

"இன்னா சாமி, உள்ள ஆடிகினு கீறீங்க? ஒடம்பு சரியில்லியா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் பெருமூச்சு விட்டுத் தொண்டையைச் செருமினாள். இனிமேல் அவள் சொல்லப்போவது சாமியார் மட்டும் கேட்கவேண்டியது.

"பெரிம்மா, ஆரம்பிச்சிடாதீங்க. நான் லியோனார்டு."

பலகணிக்கு அப்பால் ஒரு கண் வந்து ஒட்டிக்கொண்டது.

"எந்த லியோனார்டு?"

"எதிர் வூட்டு லியோனார்டு."

"எப்போ நைனா சாமியாரா ஆனே? எங்கிட்ட சொல்லவேயில்ல?"

கூடை நிறையத் துணியோடு ரோஸ்மேரி ஓடிவந்து, கதவைத் திறந்து தம்பியை வெளியே இழுத்தாள். நடந்ததை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சிலுவையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், லியோனார்டின் முழியைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"லைட்டுதான் கீதே, ஒரு வேல செய்யி. போன வாரம் இங்க முட்டி போட்டுகினு இருந்தப்போ கம்மல் திருகாணி வுயிந்துட்ச்சு. இந்தப் பலகைக்கு அடியிலதான் போயிருக்கும்."

முழங்கால் போடும் பலகை தேக்கு. தூக்கிப் பிடிக்க ஒரு கை முழுசாக வேண்டும். லியோனார்ட் கறுப்பு டார்ச்சை முதலிலேயே எரியவிட்டுக்கொண்டு குனியப் போனான்.

"எரிய வெச்சிகினு குனியாத" என்றாள் ரோஸ்மேரி. "கப்பல்ல நாள் பூரா எரிய வுட்டா சின்னக் கட்ட மத்தியானத்துக்குள்ள தீந்துடும். ஒவ்வொரு பொட்டிக்கும் அமத்தி அமத்தித்தான் எரிய வெக்கணும். அப்டியே செஞ்சி பாரு."

கறுப்பு டார்ச்சை அணைத்துவிட்டு, இடது கையால் பலகையைத் தூக்கினான். வலது கையால் மட்டும் அதைத் திருக வழியே இல்லை. சட்டைப்பையிலிருந்து குட்டை டார்ச்சை எடுத்தான். கட்டை விரல் தானாகவே போய் சுவிட்சில் உட்கார்ந்தது. வெளிச்சம் வந்தது, போனது, வந்தது. கறுப்பு டார்ச் அளவுக்குப் பளீர் இல்லை. ஆனாலும் தரையின் கல் இடுக்கில், தூசிக்குள், கடுகு அளவுக்கு ஒன்று மினுங்கியது.

"தோ கீது பெரிம்மா."

சிலுவையம்மாள் திருகாணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லியோனார்ட் சுவிட்சைத் தட்டிக்கொண்டே நின்றான். ரோஸ்மேரிதான் அவன் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கவேண்டியிருந்தது.

மஜீது பாய் கடைக்குத் திரும்பியதும், கறுப்பு டார்ச்சைக் கொடுத்துவிட்டு, பல்பு டப்பாவைக் கேட்டு வாங்கினாள். அதிலிருந்த பதினான்கு பல்பையும் ஒவ்வொன்றாகக் குட்டை டார்ச்சில் போட்டு, மேஜைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். ஒன்பதாவது பல்பு மற்றவற்றைவிட வெள்ளையாக எரிந்தது. பத்தாவதிலிருந்து பதினான்கு வரையும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் ஒன்பதாவதை எடுத்தாள். பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்புக் கிண்ணத்தைப் பஞ்சால் துடைத்துத் தம்பியிடம் தந்தாள். இப்போது அதன் வெளிச்சம் கறுப்பு டார்ச்சுக்கு அரைப் பங்கு குறைச்சல் என்று யாரும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லியோனார்ட் சரக்கறைக்குள் இறங்கினான். வலது கை ஏணியில். இடது கையில் அட்டை. அட்டைக்குக் கீழே டார்ச் இருப்பதே தெரியவில்லை. அன்றைக்கு வந்த பெட்டிகளில் இரண்டு வகை. சிவப்பு முக்கோணம் போட்டவை ஒரு வியாபாரிக்கு. நீல வட்டம் போட்டவை வேறொருவருக்கு. கலந்து கிடந்தன. குறியைப் பார்த்துத் தனித்தனியாக எண்ண வேண்டும். தட்டு, பார், அணை, கோடு. தட்டு, பார், அணை, கோடு. நாலு கோட்டுக்கு ஐந்தாவது கோடு குறுக்கே. கொஞ்ச நேரத்தில் அவன் கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. பெட்டி தூக்குகிறவர்கள்கூட அந்தத் தாளத்துக்கு நடந்தார்கள்.

சாயங்காலம் கணக்கு ஒப்பிட்டார்கள். கப்பல்காரர்கள் தங்கள் பக்கத்துக்கு வைத்திருந்த டாலி கிளார்க், தலை நரைத்தவர். அவர் கணக்கில் சிவப்பு இருநூற்று அறுபத்து நாலு, நீலம் நூற்று நாற்பத்தெட்டு. லியோனார்ட் கணக்கில் சிவப்பு இருநூற்று அறுபத்து மூன்று, நீலம் நூற்று நாற்பத்தொன்பது.

சுப்புராஜ் இரண்டு தாளையும் பார்த்தார். பிறகு லியோனார்டைப் பார்த்தார்.

"ஒண்ணு தப்புது நைனா."

"எங்கணக்குல தப்பல சார். ஒரு பொட்டி கவுந்து கிடந்துச்சு, குறி அடியில. தூக்குறப்போ குனிஞ்சி லைட் அடிச்சிப் பாத்தேன், நீலம். சுத்தி இருந்ததெல்லாம் செவப்பு. அவுரு அத்தயும் செவப்புன்னு போட்டுட்டிருப்பாரு."

சொல்லிவிட்டுத் தன் அட்டையை நீட்டிக் காட்டினான். எல்லோரும் ஷெட்டுக்குப் போனார்கள். சிவப்பு அடுக்கை ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டச் சொன்னார் சுப்புராஜ். முக்கால் மணி நேரம் ஆனது. பின்வரிசையில், தரையோடு தரையாக இருந்த ஒரு பெட்டியைக் கவிழ்த்தபோது, அடிப்பக்கத்தில் நீல வட்டம் முழு நிலா மாதிரி உட்கார்ந்திருந்தது.

நரைத்த கிளார்க் தன் தாளில் இரண்டு எண்ணையும் அடித்துத் திருத்தினார். "வயசுல எனக்கும் இப்டித்தான் கண்ணு தெரிஞ்சிது" என்று சொல்லிக்கொண்டே போனார். சுப்புராஜ் ஆள் பெயர் எழுதும் தாளை எடுத்தார். லியோனார்ட் பெயர் அதில் பென்சிலில் இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதினார்.

துறைமுகக் கேட்டுக்கு வெளியே ரோஸ்மேரி நின்றுகொண்டிருந்தாள். தம்பி வந்த நடையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதனால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சுவிட்ச எத்தினி தபா தட்டுனே?"

"தெர்லக்கா. நானூறுக்கு மேல இருக்கும்."

"எண்ணலியா?"

"பொட்டிய எண்ணுவனா, சுவிட்ச எண்ணுவனா?"

"நாளைக்கு ரெண்டயும் எண்ணு. கட்ட எத்தினி நாளு வருதுன்னு தெரியவேணாமா?" என்றாள். லியோனார்ட் அவளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, இன்னும் மங்காத சாயங்கால வெளிச்சத்தில், தெரு முழுக்க டார்ச் அடித்துக்கொண்டே போனான்.