இடமிருந்து வலம்

அந்தப் புத்தகத்தில் போய் மாதாவின் படத்தை ஒட்டினேனே என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அப்போது பன்னிரண்டு வயது. ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் மாமாவின் மகன், என் மச்சான், தான் வாசித்து முடித்த ஜப்பானியப் படக்கதையான மங்கா ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். கறுப்பு அட்டை. பெரியவர்களுக்கு மட்டும் என்று அதில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதை மறைக்க என் கைக்கு அகப்பட்டது மறைக்கல்வி வகுப்பில் தந்த மடு மாதா ஸ்டிக்கர்தான்.

மாதாவைக் கட்டிலுக்கடியில் கண்ட அம்மா பதறிப்போய், புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, சுவரிலிருந்த சுரூபத் தட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதன்பிறகு செபம் சொல்லப்போகிறேன் என்று சொல்லித்தான் அதை எடுக்க முடிந்தது. என் பக்தியைப் பார்த்து அம்மா பூரித்துப்போனார்.

வருங்கால நகரம் ஒன்றில் வானத்திலிருந்து இயந்திரங்கள் இறங்கி மனிதரைக் கிழிக்கும் கதை அது. கையை இழந்த ஒருவன் இடிபாடுகளுக்குள் தன் தம்பியைத் தேடிக்கொண்டே போவான். எனக்குப் பயமாக இருந்தது, குமட்டவும் செய்தது, ஆனாலும் விட முடியவில்லை. எங்கள் வீட்டில் ஊரில் நடந்த யுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் கதைக்கும்போது நான் போனால் பேச்சு நின்றுவிடும். அந்த யுத்தத்தில் தன் தம்பி, என் சித்தப்பா, எப்படிச் செத்தார் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் புத்தகம் மட்டும் என்னை அறைக்கு வெளியே அனுப்பாமல் எல்லாவற்றையும் காட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். அப்பா சுரூபத் தட்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

மங்காவை வலப்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். அப்பா நம்முடைய புத்தகங்களைப் போலவே இடப்பக்கத்தால் திறந்தார். கதை முடிவிலிருந்து அவருக்குத் தொடங்கியது. ஆங்கிலத்தைத் தொடாமல் படங்களை மட்டும் ஆறுதலாக, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு போனார்.

"நல்ல கதையப்பா. இடிஞ்ச வீடெல்லாம் திரும்ப எழும்புது. உவனுக்குக் கையும் வந்திட்டுது."

"மாதாவின்ர புதுமையா இருக்கும்," என்றார் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, யூ ஆர் ரீடிங் இட் பக்வேர்ட்ஸ்."

எனக்கு முகம் எரிந்தது. புத்தகம் அகப்பட்டுவிட்டதே என்பதைவிட, அதை எப்படி வாசிப்பதென்றுகூடத் தெரியாத அப்பாவை அவன் பார்த்துச் சிரிக்கிறானே என்பதுதான் பெரிய வெட்கமாக இருந்தது. விறுக்கென்று போய்ப் புத்தகத்தை வாங்கி மறுபக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

"இந்தப் பக்கத்தால வாசிக்கவேணும், அப்பா."

முதல் பக்கத்தில் சனம் நிறைந்த ஒரு சந்தைத் தெரு. அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் போகிறார்கள். அப்பா சில பக்கங்களைப் புரட்டினார். வானத்தில் இயந்திரங்களின் முதல் புள்ளி தெரிகிற இடத்தில் கையை நிறுத்தினார்.

"உந்தப் பக்கத்தால எனக்குத் தெரியும், பிள்ளை."

புத்தகத்தை மறுபடி திருப்பி, விட்ட இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

எங்களுக்குத் தெரியாமல் அவர் முன்பே அதைக் களவாக வாசித்திருக்கிறார் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன். இந்த வயதில் அப்பாவுக்கும் இப்படியான படங்கள் பிடிக்கிறதே என்று அவருக்காகவும் சேர்த்து வெட்கப்பட்டேன்.