மூச்சு விட்டதால் நனைந்த சுவர்

கிளெனிஸ் ஆர்ம்ராய்ட் மூச்சு விடுகிறார் என்பதுதான் கோளாறு என்று எங்கள் ஊர் கவுன்சில் கண்டுபிடித்துச் சொன்னது. பிறந்ததிலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை.

வட இங்கிலாந்தில் ஆலைகள் மூடிப்போன ஊர் எங்களுடையது. கவுன்சில் வாடகைக்கு விடும் அடுக்குமாடியில் என் எதிர்வீட்டுக்காரர் கிளெனிஸ். பள்ளிக்கூட வாசலில் ‘நில்’ என்று எழுதிய கோலைப் பிடித்து நின்று, பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக லாரிகளை நிறுத்துவது அவருடைய வேலையாக இருந்தது. அவர் கையைத் தூக்கினால் நிற்காத ஓட்டுநர் அந்தப் பக்கத்தில் இல்லை. கவுன்சில் மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் அது நகர வேண்டுமே.

அவருடைய படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. அடுத்த குளிர்காலத்தில் அலமாரிக்குள் புகுந்தது. கிளெனிஸுக்கு இருமல் வந்தது. படுக்கையை விட்டுக் கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தார். தொலைபேசியில் கவுன்சிலை அழைத்தால், அவருடைய அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று ஓர் இயந்திரம் உருக்கமாகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். அந்தப் பாட்டை அவர் சமைக்கும்போது தன்னையறியாமல் முணுமுணுக்கும் அளவுக்கு ஆனபிறகு, கேவின் என்ற இளம் ஆய்வாளர் வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"சட்டியை மூடி வெச்சு சமைக்கிறீங்களா மேடம்?"

"நான் படுக்கையறையில சமைக்கறதில்ல கண்ணு."

"துணியை வீட்டுக்குள்ள காயப்போடுறீங்களா?"

"வெளிய போட்டா மழையிலதான் காயணும்."

"ராத்திரி எத்தனை பேர் மூச்சு விடுறீங்க?"

"நான் ஒருத்திதான். எங்க வீட்டுக்காரர் ஆர்தர் நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு."

கேவின் அதையும் குறித்துக்கொண்டார். மூச்சுக் காற்றின் ஈரம்தான் சுவரில் படிகிறது, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றார்.

"அந்த ஜன்னல் திறக்காதபடி ஆணி அடிச்சதே உங்க ஆளுங்கதான்."

"அது வேற பிரிவு மேடம்."

மேல்வீட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது, போய்ப் பாருங்கள் என்றார் கிளெனிஸ்.

"மேல்வீட்டுப் பிரச்சினையை மேல்வீட்டுக்காரங்கதான் புகார் பண்ணணும்."

"மேல யாருமே குடியில்லையே."

"அதனாலதான் புகாரும் வரல," என்றார் கேவின், ஒரு பெரிய சிக்கலை அவிழ்த்த நிம்மதியோடு.

ஒரு நாள் கிளெனிஸ் அலமாரியிலிருந்து ஆர்தரின் கம்பளிக் கோட்டை எடுத்தார். மற்ற உடைகளையெல்லாம் தானம் கொடுத்துவிட்டு அவர் வைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். கழுத்துப்பட்டையிலிருந்து இடுப்புவரை பச்சை பூத்திருந்தது. குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். நான் கீழே கொண்டுபோகிறேன் என்றதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். திரும்பி மேலே வர நெடுநேரம் ஆயிற்று.

மறுநாளே வீட்டுச் சாவியைக் கவுன்சில் அலுவலகத்தில் கொடுத்தார். "நான் கடற்கரையில என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வீட்டுல மூச்சு விட ஆளில்ல. சுவர் காயுதான்னு வந்து பாருங்க." சில வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பூஞ்சணம் கூரையைத் தொட்டிருந்தது. கேவின் வந்து பார்த்து யோசித்தார்.

"வீட்டைப் பூட்டி வெச்சா காத்தோட்டம் இருக்காது மேடம். அதான் காரணம்."

"அப்ப நான் இருந்தாலும் தப்பு, இல்லாட்டியும் தப்பு."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது முயற்சி பண்ணலாம்."

பாதி மட்டும் இருப்பது எப்படி என்று விளக்கும் துண்டுப் பிரசுரம் அவரிடம் கைவசம் இல்லை.

மே மாதம் உள்ளாட்சித் தேர்தல். அந்தப் பருவத்தில் எங்கள் வட்டாரத்தில் பூக்களோடு கவுன்சிலர்களும் தென்படுவார்கள். எங்கள் பகுதிக் கவுன்சிலர் ராட்னி தோர்ப் கிளெனிஸின் கதவைத் தட்டினார். மக்களோடு ஒரு புகைப்படம் எடுக்க ஆசைப்பட்டார்.

"தாராளமா எடுங்க. படுக்கையறையில வெளிச்சம் நல்லா இருக்கும்," என்றார் கிளெனிஸ்.

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துத் தேநீரும் கொடுத்தார். சுவரில் சாய்ந்த கவுன்சிலரின் வெளிர்நிறக் கோட்டில் கறுப்பு அப்பியது. கூரையிலிருந்து ஒரு சொட்டு அவருடைய கோப்பைக்குள் விழுந்தது. அவர் இரும ஆரம்பித்தார்.

"மூச்சைக் கொஞ்சம் அடக்குங்க கண்ணு. அதுலதான் சுவர் நனையுதாம்."

"இது... உடனே கவனிக்க வேண்டிய விஷயம் கிளெனிஸ். அடுத்த வாரம் நான்..."

அவர் எழுந்தார். கிளெனிஸ் வாசலை மறித்து நின்று உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். கவுன்சிலர் நின்றுவிட்டார்.

"இங்கேருந்தே போன் பண்ணுங்க. நான் பண்ணினா பாட்டுதான் வருது. உங்களுக்கு மனுஷங்க வருவாங்க."

வந்தார்கள். பாட்டு ஒரு வரிகூட ஒலிக்கவில்லை. அன்று மாலைக்குள் குழாய் பழுதுபார்ப்பவர் மேல்வீட்டைத் திறந்தார். குளியலறைக் குழாய் வெடித்து, கடைசியாகக் குடியிருந்தவர் காலிசெய்த நாளிலிருந்து தண்ணீர் தரைக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"இத்தனை நாளா யாரும் சொல்லவே இல்லையா?" என்று கேட்டார் அவர். கூட வந்திருந்த கேவினுக்குத் திடீரென்று தன் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். ஜன்னலின் ஆணியைப் பிடுங்கினார்கள். கவுன்சிலின் செய்திமடலில் கட்டிலில் உட்கார்ந்த தோர்ப்பின் படம் வந்தது. குடியிருப்போர் துயரைத் தாமே நேரில் கண்டுபிடித்தவர் என்று கீழே எழுதியிருந்தார்கள். கோட்டின் கறை படத்தில் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். கிளெனிஸின் இருமல் கோடைக்குள் நின்றது.

இலையுதிர்காலத்தில் மேல்வீட்டுக்கு ஓர் இளைஞன் குடிவந்தான். ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் இருக்கிற எல்லாவற்றிலும் பெரிய குழலை ஊதுகிறவன். விடிந்ததும் பயிற்சி தொடங்கிவிடுகிறான். சத்தத்தில் கிளெனிஸின் தேநீர்க் கோப்பைகள் நடுங்குகின்றன.

"கவுன்சில்ல புகார் குடுக்கலாமே," என்றேன்.

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்துக் குழல் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.

"வேணாம் கண்ணு. பையன் வாசிப்புல தேறிட்டு வரான்."