றெபெலோவின் ஊர்ப் பெருநாள்

கயித்தான் றெபெலோவும் நானும் அஜின்கோர்ட்டில் ஒரு பேக்கரியில் ஒரே ஷிஃப்ற். கோவாக்காரர், அறுபதை நெருங்கியவர். ஊர்க்கதை தொடங்கினாரென்றால் பாண் கருகினாலும் நிறுத்தமாட்டார்.

ரொறொன்ரோவில் கோவாக்காரரின் சங்கங்களுக்குக் குறைவில்லை. நடனத்துக்கு ஒன்று, காற்பந்துக்கு ஒன்று, போதாததற்கு ஊருக்கு ஒன்று. எங்கள் தீவு ஆட்கள் மாதிரித்தான். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் புனிதரின் பெருநாளை இங்கே கொண்டாடும். றெபெலோ எல்லாவற்றுக்கும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போவார். அவருடைய ஊரோ சின்னது. பெயரைச் சொன்னால் கோவாக்காரரே எங்கே அது என்று கேட்பார்கள். அவரையும் மனைவி பியெதாத்தையும் விட்டால், அந்த ஊரவர் என்று இங்கே இருந்தது பிறம்ரனில் ட்ரக் ஓடும் சந்தானா மட்டும்தான்.

அந்த ஒருவரை நம்பி, தொண்ணூற்றாறில் மனிதர் தானே முதல் தலைவராக நின்று தன் ஊர்ப் பெருநாளையும் தொடங்கிவிட்டார். பூசை முடிவில், பெருநாளை எடுத்து நடத்திய அந்த வருடத் தலைவர் புனிதரின் கொடியைச் சுவாமியாரிடம் கொடுப்பார். சுவாமியார் பெயர் வாசித்து அதை அடுத்த வருடத் தலைவரிடம் கொடுப்பார். வாங்குகிறவர் அதே ஊரின் இன்னொரு வீட்டுக்காரராக இருக்கவேண்டும். வாங்க ஆளில்லையென்றால் பெருநாள் அதோடு சரி. தன் ஊரவன் ஒருவன் அந்தக் கொடியை வாங்குவதைப் பார்க்கவேண்டும், றெபெலோவுக்கு அவ்வளவுதான் ஆசை. சந்தானாவும் ஓமென்றிருந்தார்.

பெருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. றெபெலோ பெருநாளுக்குப் போய்வந்த மற்ற ஊர்க்காரரெல்லாம் மரியாதைக்கு வந்திருந்தார்கள். சந்தானாவை மட்டும் காணோம். லோட் ஏற்றிக்கொண்டு வின்னிபெக் போய்விட்டதாகவும், இனி இதில் தன்னை இழுக்கவேண்டாமென்றும் காலையில் சொல்லி அனுப்பினாராம். பியெதாத் என் காதில் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. றெபெலோ அதைச் சுவாமியாரிடம் சொல்லவில்லை. கடைசி நேரத்திலாவது வருவாரென்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிவில் றெபெலோவிடம் கொடியை வாங்கிக்கொண்டு சுவாமியார் சந்தானாவின் பெயரை வாசித்தார். யாரும் எழும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கடன் வைத்த எவரும் பெருநாளை எடுத்து நடத்தலாம். அந்த நினைப்பில் என் கணவர் அமிர்தநாதர், "ஆளில்லையெண்டா நான் எடுக்கிறன்" என்று எழும்பினார். நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் முன்னுக்குப் போய்விட்டார்.

றெபெலோ அவர் கையைப் பற்றி ஆங்கிலத்தில் தன்மையாகச் சொன்னார்: "நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். ஆனால் எங்கள் ஊரில் உங்கள் வீடு எது?"

இந்த நேரத்தில் வீடென்ன வாசலென்ன என்று எனக்குக் கோபம் வந்தது. றெபெலோவின் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

பிறகு அவர் சுவாமியாரிடம் ஏதோ சொன்னார். சுவாமியார் கொடியைப் பிடித்தபடி, "கயித்தான் றெபெலோ" என்று வாசித்தார். றெபெலோ படியிறங்கி, ஆட்கள் உட்கார்ந்திருந்த முன் வாங்கு வரைக்கும் போனார். அங்கிருந்து, பெயர் கேட்டு எழும்பி வருகிற ஒருவரைப் போல ரையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். தலை குனிந்து, தான் கொடுத்த கொடியை இரண்டு கையாலும் தானே வாங்கினார்.

கோயிலே கைதட்டியது. பியெதாத் தட்டவில்லை. சந்தானாவுக்கென்று பக்கத்தில் பிடித்து வைத்திருந்த இடத்தில் தன் கைப்பையை எடுத்து வைத்தார்.