மாமா தின்ற வெள்ளரிப்பிஞ்சு

என் மகளுக்குப் பதினான்கு வயது. ஜப்பானியப் பூதங்களும் நரித் தேவதைகளும் வாளேந்திய பெண்களும் உலவும் தடித்த மாயக்கதைப் புத்தகங்கள்தான் அவளுக்கு உலகம். போன ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவி படித்துறையில், வெள்ளரிப்பிஞ்சில் தன் பெயரைக் கீறி ஆற்றில் எறிவதற்காகக் கடைசிப் படிக்கும் கீழே இறங்கிவிட்டாள். ஓடிப்போய் இழுத்துக் கரையேற்றினேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை. அதே ஆற்றில் நானும் ஒருமுறை வெள்ளரிப்பிஞ்சு எறிந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஜப்பானியக் கதைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் கப்பா என்று ஓர் ஆற்றுப் பூதம். ஆமை ஓடு, தவளைக் கால், உச்சந்தலையில் ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர். ஆற்றில் இறங்குகிறவர்களைக் காலைப் பிடித்து இழுத்துவிடும். தப்பிக்க இரண்டு வழி. வெள்ளரிக்காயில் பெயரைக் கீறி ஆற்றில் போட்டால், அந்தப் பெயருக்கு உரியவரைத் தொடாது. இல்லையென்றால் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். மரியாதை தெரிந்த பூதம். பதிலுக்குக் குனியும், தலைத் தண்ணீர் கொட்டிவிடும், பலமும் போய்விடும்.

முழுப்பரீட்சை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனோம். தாமிரபரணியில் கப்பா கிடையாது என்று புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அம்மா, அத்தை, மாமா, நான் என நான்கு பிஞ்சுகளில் ஊக்கால் பெயர் கீறிக்கொண்டு குளிக்கப் போனேன். மூன்றைத்தான் எறிய முடிந்தது. நான்காவதை மாமா பிடுங்கி நறுக்கென்று கடித்தார்.

“மாமா, அது உங்க பேரு!”

“எம் பேரு இவ்வளவு ருசியாவா இருக்கு? உப்பும் மிளகாப்பொடியும் கொண்டாந்திருக்கலாம்லாட்டி!”

“கப்பா உங்களப் புடிச்சிரும்.”

“வரச் சொல்லு. வந்தா வாலப் புடிச்சு இங்கன கட்டிப் போடுதேன்.”

“அதுக்கு வாலே கிடையாது” என்றேன், அழுகையோடு.

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவும் அத்தையும் சிரித்தார்கள். மாமா படியிலிருந்து தாவிக் குதித்தார். நீர்வளையம் விரிந்து அடங்கியது. இருபது வரை எண்ணினேன். அவர் எழவில்லை.

ஒரு நொடி பயம். அடுத்த நொடி, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரே குதூகலம். கப்பா இருக்கிறது! அதை வெல்லும் வழி இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்! மார்பளவுத் தண்ணீர் வரை நடந்தேன். கைகூப்பினேன். புத்தகப் படத்தில் இருந்தது போலவே இடுப்பை வளைத்துத் தலை முங்கக் குனிந்தேன். காலடியில் மணல் சரிந்தது. யாரோ மணல் அள்ளிய பள்ளம். பச்சைத் தண்ணீருக்குள் உருண்டபோதும் கண்ணை அகலத் திறந்து, குழி விழுந்த ஒரு தலையைத் தேடினேன்.

சடையைப் பற்றி இழுத்தது மாமாவின் கை. தண்ணீருக்குள்ளேயே நீந்திப் போய், ஆற்றுக்குள் நின்ற கல்மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் தவிப்பதை வேடிக்கை பார்க்கக் காத்திருந்தாராம். படியில் போட்டு முதுகில் தட்டினார். இருமி முடித்ததும் கத்தினேன். “நான் குனிஞ்சேன் மாமா, அது உங்கள விட்டுருச்சு!”

மாமா சிரிக்கவில்லை. என்னை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் உடம்பெல்லாம் உதறியது.

“குளிருதா மாமா?”

“ஆமாட்டி. ரொம்பக் குளிருது.”

பூதத்தை வென்றவளின் பெருந்தன்மையோடு, காய்ந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன். சித்திரை மாத நடுப்பகல். படிக்கல்லில் கால் வைக்க முடியாத சூடு. அந்த வெயிலில் ஒரு பெரிய மனிதருக்கு எப்படிக் குளிரும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.