தமிழ்ச்செல்வி எண்ணிய நூற்றிருபது மோட்டார்கள்

என் சிநேகிதி தமிழ்ச்செல்விக்கு என்ன வேலை என்று ஆரணியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவள் அப்பா துரையைக் கேட்டால், "மிஷினுக்கு நல்லது கெட்டது சொல்ற வேலைங்க" என்பார். அம்மா அம்மணி, "கம்ப்யூட்டர்ல இன்னமோ எழுதிகினு இருப்பா" என்று முடித்துக்கொள்வார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவளை மக்கள்தொகைக் கணக்கெடுக்க வரும் டீச்சர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பத்து வருஷமாக அவளிடமே கேட்கிறேன். அவள் சொல்லும்போது புரிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய் என் புருஷனிடம் சொல்ல வாயைத் திறந்தால் ஒன்றும் வராது.

எனக்குப் பிடிபட்டவரை சொல்கிறேன். அரசாங்கம் புதிதாக ஒரு மிஷினைக் கொண்டுவரும். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன், பேட்டரி ஆட்டோ, ரேஷன் கடையில் கண்ணைப் படமெடுக்கும் கருவி, இப்படி ஏதாவது. அது யாருக்கு உதவியது, யாரை வெளியே தள்ளியது, எதனால் மூலையில் தூங்குகிறது என்று போய்ப் பார்த்து, விசாரித்து, எண்ணி எழுத வேண்டும். அதைப் படித்துத்தான் மேலே இருப்பவர்கள் அடுத்து வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறாள். தொழில்நுட்பக் கொள்கை ஆய்வாளர் என்று அவளுடைய கார்டில் அச்சடித்திருக்கிறது.

இந்த வேலைக்கு அவள் எப்படிப் போனாள் என்பதற்கு நான் சாட்சி. தேவிகாபுரம் பக்கத்துச் சின்ன ஊர் அவளுடையது. சொந்த நிலம் கிடையாது. அப்பா ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார், அம்மா அதே மில்லில் அரிசியில் கல்லும் கருப்பும் பொறுக்கினார். நாங்கள் எட்டாவது படித்த வருஷம் அந்த மில்லுக்கு நிறம் பார்த்துப் பிரிக்கும் மிஷின் வந்தது. பொறுக்கிக்கொண்டிருந்த பதினாலு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் இவள் அழுதுகொண்டு வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன். வந்தவள், "அரிசியில கருப்பு எதுன்னு அதுக்கு எப்பிடிடி தெரியுது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொரு கேள்வி வந்தது. "இத வாங்கணும்னு யாருடி முடிவு பண்ணாங்க? எங்கம்மாவ ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

அந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் இன்றைக்கு அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நடுவில் என்ஜினீயரிங் படித்தாள். சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கொள்கைப் படிப்பு என்று ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். அவள் அப்பா நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் ஹேமலதா. எங்கள் வீட்டில் பட்டு நெசவு. பட்டுச் சேலையின் கரைக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அந்த டிசைனைத் துணியில் இறக்குவதற்குத் தறியின் மேலே ஜக்காடு என்று ஒரு பெட்டி உண்டு. நெசவு செய்பவர் மிதியை அழுத்தும்போது பெட்டி நூல்களைத் தூக்கும். நல்ல கனம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மிதி. நாற்பது வயது தாண்டியவர்கள் எங்கள் தெருவில் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் அந்தக் கனம் உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திட்டம் வந்தது. பெட்டியைத் தூக்கச் சின்ன மோட்டார். மிதியைத் தொட்டால் போதும், மோட்டார் தூக்கிவிடும். சோதனைக்கு நூற்றிருபது வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்தால் இன்னும் ஐந்நூறு வீடுகளுக்கு வரும். ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை தமிழ்ச்செல்வியின் நிறுவனத்துக்குக் கிடைத்தது. எங்க ஊரு, நான்தான் செய்வேன் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல்முறையாக ஒரு அறிக்கையில் அவள் பெயர் முதலில் வரப்போகிறது. நன்றாக வந்தால் மூத்த ஆய்வாளர் பதவி என்று அவளுடைய இயக்குநர் மாணிக்கவேல் சொல்லியிருந்தார்.

ஒருநாள் எனக்குப் போன் செய்தாள். "ஹேமா, எங்க ஆளுங்க ரெண்டு பேர் வராங்க. ரெண்டு மாசத்துல ரெண்டு நாள் வேணும். நெசவு பண்றவங்களுக்கு வேல கெடாம, நிதானமா பேசறதுக்கு எந்த நாள் தோதுப்படும்?"

நான் காலண்டரைப் பார்த்து இரண்டு தேதி சொன்னேன். "அன்னிக்கு எல்லாரும் சும்மாதான் இருப்பாங்க. காபி போட்டுக் குடுத்துப் பேசுவாங்க" என்றேன். நல்ல உதவி செய்தோம் என்று எனக்கு அன்று முழுக்கப் பெருமை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை அவள் அறிக்கையோடு என் கடைக்கு வந்தாள். தமிழ்ச் சுருக்கம் மட்டும் ஆறு பக்கம். கடையில் ஆள் இல்லாததால் உட்கார்ந்து படித்தேன். நூற்றிருபது மோட்டார்களில் பார்த்த நேரத்தில் ஓடியவை ஆறு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'பெரும்பாலான வீடுகளில் கருவிக்கு மஞ்சள் குங்குமம் இட்டுத் துணி போர்த்தியிருந்தனர். உழைப்புக் கருவியாக அல்லாமல் பூஜைப் பொருளாகவே அது கருதப்படுகிறது' என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், விரிவாக்கம் தேவையில்லை என்று முடித்திருந்தாள்.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. "எவ எழுதினா இத?"

"நான்தான். ஏன்?"

"மோட்டார வெச்சு நாங்க பூஜ பண்ணிகினு இருக்கோமா? எந்த நாள்ல வந்தாங்க உன் ஆளுங்க?"

"நீ குடுத்த நாள்லதான்."

சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பினேன். இரண்டு தேதிகளிலும் கருப்பு வட்டம். "அமாவாச" என்றேன்.

"அமாவாசைக்கு இன்னா?"

"தறி ஓடாதுடி."

எங்கள் தெருவில் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. அன்றைக்குத் தறியைத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டித் துணியைப் போர்த்திவிட்டு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று மற்ற வேலைகளைப் பார்ப்போம். இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆரணியில் படித்தவளுக்கு இது தெரியாதா என்ன என்றுகூட நினைக்கவில்லை. அவளுக்குத் தெரியாது. அவள் வளர்ந்த வீட்டில் அமாவாசையன்றும் கூப்பிட்டால் கூலிக்குப் போயாக வேண்டும்.

"அவங்க யாருமே உன் ஆளுங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டேன்.

அவள் லேப்டாப்பைத் திறந்து வீடுவீடாக எழுதிய குறிப்புகளை எடுத்தாள். சொல்லியிருந்தார்கள். 'இன்னிக்கு வேணாம், நாளைக்கு வந்தா ஓட்டிக் காட்டுறோம்' என்று எழுபத்தோரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆய்வாளர்கள் அதை அப்படியே எழுதி, பக்கத்தில் 'ஓடவில்லை' என்று குறித்திருந்தார்கள்.

"நான்தான் ஹேமா அப்பிடிச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "மிஷின் வாங்கினவங்க, திருப்பிக் கேட்டுடுவாங்களோன்னு பயந்து ஓடுதுன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு வாங்கன்னு சொன்னா ஓடலன்னு அர்த்தம். காதால கேக்கறத விட்டுட்டுக் கண்ணால பாக்கறத எழுதுங்கன்னேன். மூணு திட்டத்துல அது சரியா வந்துச்சு."

"அப்போ அமாவாசையிலயும் ஓடின அந்த ஆறு?"

"தெரியல. வா, போய்ப் பாக்கலாம்."

அவளிடம் எனக்குப் பிடித்ததும் எரிச்சல் வருவதும் இதுதான். தலையில் இடி விழுந்திருக்கிறது, அப்போதும் அந்த ஆறு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

இரண்டு தெரு தள்ளி, அந்த ஆறில் ஒன்றான பூங்காவனம் அக்கா வீடு. ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் போனவர். வாசலிலேயே மோட்டார் சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வி நிலைப்படியில் நின்றுவிட்டாள். அக்கா தறிக்குழியில் உட்கார்ந்து மிதியைக் கால் விரலால் தொட, மேலே பெட்டி தடக் தடக்கென்று ஏறி இறங்கியது. பத்து நிமிஷம் அவள் அசையவில்லை.

"உள்ள வாம்மா, ஏன் அங்கயே நிக்கற?" என்றார் அக்கா.

"அக்கா, ரெண்டு மாசம் முன்னாடி எங்க ஆளுங்க வந்தப்போ உங்க மோட்டார் ஓடிச்சுன்னு எழுதியிருக்காங்க. அன்னிக்கு அமாவாசையாச்சேங்க."

அக்கா சிரித்தார். "சுச்சு போட்டுக் காட்டுங்கன்னு அந்தப் பொண்ணு கெஞ்சிச்சு. பாவமா இருந்துச்சு. தறியத் தொடாம மோட்டார மட்டும் போட்டு நிறுத்தினேன். நெய்யல."

உள்ளேயிருந்து அவர் புருஷன் தனசேகரன் எட்டிப் பார்த்தார். "எங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சும்மா. தறி ஓடுதான்னு பாக்க வந்தவங்க எதுக்கு அமாவாசையா பாத்து வராங்கன்னு. கவர்மெண்டு வேல, நமக்கு எதுக்குன்னு கம்முனு இருந்துட்டோம்."

ஆக அந்த ஆறையும் நம்ப முடியாது. தெருவுக்கு வந்ததும் தமிழ்ச்செல்வி மாணிக்கவேலுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. அறிக்கை, முடிவெடுக்கும் அரசாங்கக் குழுவுக்குப் போய்விட்டது, பன்னிரண்டு நாளில் கூட்டம், இப்போது நாமே தவறு என்று எழுதினால் நம் நிறுவனத்தின் மற்ற அறிக்கைகளையும் சந்தேகப்படுவார்கள் என்றார் அவர். அடுத்த வருஷ மறு ஆய்வில் நாசூக்காகத் திருத்திக்கொள்ளலாம், உன் பதவி விஷயத்தையும் யோசித்துக்கொள் என்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், பேச்சில் கனிவுதான் இருந்தது.

அவள் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பயமா இருக்குடி" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. "என் பேர எழுது. தேதி குடுத்தது நான்தான்" என்றேன்.

"நீ தேதி குடுத்த. அது உங்களுக்கு இன்னா நாளுன்னு கேக்க வேண்டியது என் வேல. எங்கம்மாவ யாரும் கேக்கலன்னுதானே இந்த வேலைக்கே வந்தேன்."

நூற்றிருபது வீடுகளையும் மறுபடி பார்க்க லீவு போட்டாள். ஆறு வேலை நாள். கடையைச் சாத்திவிட்டு நானும் கூடவே அலைந்தேன். இந்தத் தடவை யாரையும் உட்கார வைத்துப் பேசவில்லை. நெசவு நடக்கும் நேரத்தில் போய்க் கால் மணி நேரம் நின்று பார்ப்பாள், வெளியே வரும்போது இரண்டு கேள்வி கேட்பாள். வெயிலில் அவள் முகம் கறுத்துவிட்டது. எழுபத்தெட்டு வீடுகளில் மோட்டார் ஓடியது. இருபத்தேழு வீடுகளில் இருந்தும் போடுவதில்லை. சத்தத்தில் கைக்குழந்தை தூங்கவில்லை என்று சிலர், பெட்டி வெடுக்கென்று ஏறி இழை அறுகிறது என்று பலர். மிச்சம் பதினைந்து வீடுகளில் கழற்றிவிட்டார்கள். அதில் ஒருவர் மோட்டாரை நூல் சுற்றும் ராட்டையில் மாட்டியிருந்தார். தமிழ்ச்செல்வி அதைச் சுற்றிச்சுற்றி வந்து போட்டோ எடுத்தாள்.

கடைசி நாள் நாங்கள் சண்டை போட்டோம். "அந்தப் பதினஞ்சையும் ரிப்பேர்னு எழுதிடு. எங்க ஜனத்துக்கு வர மிஷின நீயே கெடுக்காத" என்றேன்.

"கழட்டிட்டாங்கன்னுதான் எழுதுவேன்."

"ஒருவாட்டி பொய்யா எழுதி எங்களக் கவுத்தியே, இப்போ எங்களுக்கு ஆகறமாதிரி எழுதினா இன்னா பேஜாரு உனக்கு?"

"நான் ஒருவாட்டி தப்பா எழுதினேன். பொய் எழுதல" என்றாள். மறுநாள் பஸ் ஏறும்வரை நான் பேசவில்லை.

திருத்திய அறிக்கையை எனக்கு அனுப்பினாள். முதல் பக்கத்திலேயே, 'முந்தைய அறிக்கை தவறானது. தறிகள் ஓடாத விடுமுறை நாள்களில் ஆய்வு நடந்தது. நாள் பற்றி விசாரிக்காததும், நெசவாளர்கள் சொன்னதை நம்ப வேண்டாம் என்று ஆய்வாளர்களுக்குக் கற்பித்ததும் என் தவறுகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மாணிக்கவேல் இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு, கூட்டத்துக்கு முந்தைய நாள் அனுப்பிவைத்தார். குழு ஐந்நூறு தரவில்லை. பெட்டி வெடுக்கென்று ஏறாமல் சரிசெய்து இருநூறு கொடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார்கள். மூத்த ஆய்வாளர் பதவி வேறொருவருக்குப் போனது. அதைச் சொன்னபோது அவள் அழுதாள். நானும் அழுதேன். மறுபடி பார்க்கும் வேலையை மட்டும் அவளுக்கே கொடுத்திருந்தார்கள்.

இருநூறில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. இழை அறுவதில்லை. சத்தம் அப்படியேதான் இருக்கிறது, அதையும் எழுதிவிடுவாள்.

போன வாரம் அவள் தேதி கேட்டு என்னைக் கூப்பிடவில்லை, பூங்காவனம் அக்காவையே கூப்பிட்டாள். நான் அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். உங்களுக்குத் தோதுப்படுகிற நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பாள் போல. அக்கா தறியை நிறுத்தவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மிதியைத் தொட்டபடியே பதில் சொன்னார்.

"தோதுப்படாத நாளா பாத்து வாம்மா. அன்னிக்குத்தான் நாங்க வேல செய்வோம்."